ஏழு ஆணிப் பலகை

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘பொத்தானை ஐந்து விநாடி விடாமல் அழுத்தவும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில், எங்கள் பக்கத்து இருபத்து நான்கு தொழிலாளர் லைன் வீடுகளின் சுவரிலும் ஒட்டியவள் நான்தான். மழையில் நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை வேறு போட்டேன். வீட்டுக்குள் ஒட்டுகிற அட்டைக்கு எதற்கு மழைக் காப்பு என்று கேட்பவர்கள் எங்கள் கூரைகளைப் பார்த்ததில்லை. அட்டை நன்றாகத்தான் இருந்தது. அதில் எழுதியிருந்தது மட்டும் தப்பு.

பொத்தான் என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. இரண்டு பென்சில் செல்லில் ஓடுவது. சுரங்கத் தூசி நுரையீரலில் தங்கிவிட்ட பழைய தொழிலாளிகளுக்காகப் பெங்களூரிலிருந்து ஓர் அறக்கட்டளை கொடுத்தது. மூச்சு முட்டினால் அழுத்த வேண்டும். சேதி வைஃபை வழியாக எங்கள் பௌத்த சங்கக் கூடத்திலிருக்கும் சின்னக் கணினிக்கு வரும். அது அன்றைக்கு முறை உள்ளவரின் போனை அலற வைக்கும். முறைக்காரர் போனில் ‘வருகிறேன்’ என்பதைத் தொட்டால், அந்தப் பதில் திரும்பிப் போய்ப் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். சங்கத்திலிருந்து ஆறு பேர், எதிர்த் தெரு சர்ச்சிலிருந்து ஐந்து பேர் முறை போட்டிருந்தோம். ஆக்ஸிஜன் உருளை கூடத்திலேயே இருக்கும். எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

பெங்களூரில் ஓர் அலுவலகத்தின் வைஃபையைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவேன். இடையில் புத்தகம் படிப்பேன். எப்போதாவது நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். படித்துவிட்டுச் சிரித்ததாக இதுவரை இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் வேறு யாருடைய கட்டுரையையோ படித்திருந்தார். இத்தகைய தகுதிகள் இருந்ததால், கூடத்துக் கணினியையும் பொத்தான்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கேட்காமலே என் தலையில் விழுந்தது.

கடைசி லைனில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டை ஒட்டிய கடைசி வீட்டில் இருந்தவர் எனக்குச் சொந்தமில்லை. இருந்தாலும் மாமா. சுரங்கம் மூடும் வரை, பூமிக்கடியில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் வந்து நிற்கிற இடத்தில் மணி அடித்து மேலே சேதி சொல்லும் வேலை பார்த்தவர். மனைவி இறந்தபின் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகள் ஓசூரில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு வீடாகப் போய்ப் புது செல் மாற்றிக்கொண்டிருந்தேன். பச்சை சரியாக வருவதில்லை என்று பல வீடுகளில் புகார். அவர் வீட்டுக்குப் போனபோது எனக்குக் களைப்பும் ஞானமும் சம அளவில் இருந்தன.

“மாமா, அஞ்சு செகண்ட் புடிச்சு அழுத்தணும். நீங்க டக்கு டக்குனு மூணு வாட்டி அழுத்தறீங்க. கம்ப்யூட்டர்ல அப்படியே பதிவாயிருக்கு.”

“மூணு அடிச்சாதான் ஆள் ஏறுதுன்னு அர்த்தம். ஒண்ணு அடிச்சா நிறுத்துன்னு அர்த்தம். இன்னாத்த நிறுத்தச் சொல்ற, என் மூச்சையா?”

“இது கேஜ் இல்ல மாமா.”

“கேஜா இருந்தா பதில் மணி வந்திருக்கும். நான் மூணு அடிச்சா மேல இருந்து மூணு வரணும். அது வராம ஒருத்தன் கேஜுக்குள்ள கால் வைக்க மாட்டான். இதுல மூணு அடிச்சா ஒண்ணும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அடிச்சா, விரல எடுக்கறதுக்கு முந்தி பச்சை எரியுது. விரல எடுக்கறதுக்கு முந்தி எவன் போன எடுத்தான்? நீ படிச்சவ, சொல்லு.”

“நெட் ஸ்பீடா இருந்திருக்கும் மாமா.”

இருபத்தைந்து வருட அனுபவம் சொன்ன பதில் அது. பிரிந்துபோன கேஜ் கயிற்றைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் அட்டையை இன்னும் கொஞ்சம் நேராக ஒட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், அவருக்கு மூச்சு முட்டியது. மூன்று முறை அழுத்தினார். அன்றைக்கு முறை, சர்ச்சுப் பக்கத்து ரிட்டயர்டு டீச்சருடையது. டீச்சர் இருபது விநாடிக்குள் ‘வருகிறேன்’ என்று தொட்டுவிட்டு, உருளையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் மாமா வீட்டில் பச்சை எரியவில்லை. யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்து, அவரே எழுந்து கூடத்துக்கு நடக்க ஆரம்பித்தார். குழாயடி வரைக்கும்தான் வர முடிந்தது. டீச்சர் போய்ச் சேர்ந்தபோது அவர் தரையில் கிடந்தார். நெற்றியில் தையல் போட்டார்கள். பச்சை எரிந்திருந்தால் கட்டிலிலேயே உட்கார்ந்து காத்திருந்திருப்பார். இந்தப் பொத்தான் விஷயத்தில் பச்சை விளக்குதான் பாதி வைத்தியம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் மகள் வந்துவிட்டாள். கெட்ட பெண் இல்லை. பயந்த பெண்.

“நைனா, இதெல்லாம் வேலைக்கு ஆவாது. என்கூட ஓசூருக்கு வந்துடு.”

“அஞ்சாவது மாடி. கேஜுல ஏறி எறங்குனது போதும் எனுக்கு.”

“லிஃப்ட்ல அரை நிமிசம் நைனா.”

“ஏறி? அங்க எவன் கீறான் எனுக்கு? காக்காய்க்கு மேல கீறேன்னு ஒக்காந்து சந்தோசப்படணுமா?”

கடைசியில் அப்பாவும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பொத்தான் ஒழுங்காகப் பதில் சொன்னால் அவர் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூர். அவர் அதற்கு ஒப்புக்கொண்டதற்குக் காரணம், எதிரில் நான் நின்றிருந்ததுதான். “இவ பாத்துக்குவா” என்றார். கிண்டலா நம்பிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே வாரம் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. பதிவேடுகளை ஆராய்ந்ததில் சாம்பியன் ரீப்ஸில் பொத்தான்கள் ‘தவறாகப் பயன்படுத்தப்படுவது’ தெரியவந்திருக்கிறது, ஒரே வீட்டிலிருந்து திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள், அறிவுறுத்தியும் பயனில்லை, ஆகவே அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை பொத்தான்களைத் திரும்பப் பெற்று வேறு ஊருக்கு வழங்கப்போகிறார்கள். பதிவேடுகளை அவர்களுக்கு ஒழுங்காக அனுப்பிவைத்தது யார் என்று கேட்காதீர்கள். அட்டை ஒட்டியவளேதான்.

பொத்தான் போனால் அவரும் போவார். கடிதத்தை ரயிலில் மூன்று முறை படித்தேன். கோபம் வந்தது. என் மேலேயே வந்த கோபத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதால், அதை முழுவதும் ‘தவறாக’ என்ற சொல்லின் மேல் திருப்பிவிட்டேன். மூச்சு முட்டுகிறவன் இரண்டாம் முறை கூப்பிடுவது தவறு என்றால், அந்தத் தவறை நானே பக்கத்தில் நின்று செய்யச் சொல்வேன் என்று தீர்மானித்தேன். பங்காருபேட்டை வந்துவிட்டது. இறங்கி ரயில் மாற வேண்டியிருந்ததால் தீர்மானத்தை அங்கே நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டோம். வைஃபை பற்றி எங்கள் ஊரில் அவ்வளவு பேர் கூடியது அதுவே முதல் தடவை. பேச்சு உடனே வைஃபையை விட்டுவிட்டு அரசியலுக்குப் போனது.

“முதல் லைன்ல மட்டும் பச்சை எரியுது” என்றார் ஒருவர். “செயலாளர் மாமியார் வூடு அங்கதான் கீது.”

“எங்க மாமியாருக்குப் பச்சை வர்றது என் குத்தமா?” என்றார் சங்கச் செயலாளர். “அவங்க ஒழுங்கா அஞ்சு செகண்ட் புடிக்கிறாங்க.”

“அந்தம்மாவுக்குக் காதே கேக்காது. அஞ்சு செகண்ட்னு நீ சொன்னது மட்டும் கேட்டுச்சா?”

“எங்க வூட்டுல முந்தி வந்துகினு இருந்தது” என்றார் நடு லைன் அம்மா ஒருத்தர். “அன்னிக்கி கரண்ட் போயி வந்துச்சு பாரு, அதுக்கு அப்பால நின்னு போச்சு. அதே கரண்ட் வந்த அப்பால பக்கத்து வூட்டுல ஆரம்பிச்சுடுச்சு. எல்லாம் ஆள் பாத்துதான்.”

ஊழலை அம்பலப்படுத்துவதாக நினைத்து அவர் எனக்கு வேண்டிய துப்பைக் கொடுத்துவிட்டார். கரண்ட் போய் வந்தால் வீடு மாறுகிறது. அப்படியென்றால் பழுது எந்தப் பொத்தானிலும் இல்லை. யார் முதலில் வந்து சேருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

“இப்ப பச்சை சரியா வர்ற வீட்டுக்காரங்க மட்டும் கை தூக்குங்க” என்றேன்.

ஏழு கை.

இரண்டாம் முறை எண்ணினேன். செயலாளர் தனக்காக ஒன்று, மாமியாருக்காக ஒன்று என்று இரண்டு கையையும் தூக்கியிருந்தார். அவர் வீட்டில் பொத்தானே கிடையாது என்பதால் ஒன்றை இறக்கச் சொன்னேன். ஆறு ஆனது. பிறகு கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பிக் கேட்டோம். அவர் வீட்டிலும் பச்சை ஒழுங்காக வருகிறதாம். மறுபடி ஏழு.

ஏழு என்பது எங்கள் தொழிலில் சந்தேகத்துக்குரிய எண். ஏன் என்று சொல்ல, என் அப்பா வேலை பார்த்த, சுரங்கத்து ஆள் கணக்கெடுக்கும் டைம் ஆபீசுக்குப் போய்வர வேண்டும்.

அந்த ஆபீசின் வெளிச் சுவரில் ஒரு பலகை இருந்தது. பலகை நிறைய ஆணி. ஒவ்வொரு ஆணிக்கும் கீழே ஓர் ஆளின் எண். யாருக்காவது லீவு உத்தரவோ, தந்தியோ, திட்டுக் கடிதமோ உள்ளே காத்திருந்தால், அப்பா அவன் ஆணியில் ஒரு சீட்டை மாட்டுவார். ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவன் நின்று கேட்கமாட்டான். நடந்தபடியே பலகையைப் பார்ப்பான். தன் ஆணியில் சீட்டு இருந்தால் ஜன்னலுக்குப் போவான். இல்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் படுப்பான். களைத்தவனுக்காகச் செய்த ஏற்பாடு அது.

செல்லில் ஓடும் கருவிகளும் களைத்தவர்கள்தான். இரண்டு பென்சில் செல் மாதக்கணக்கில் தாங்க வேண்டுமென்றால், பொத்தான் பெரும்பாலும் தூங்க வேண்டும். தூங்குகிறவனுக்கு வந்த சேதியை, வைஃபை பரப்புகிற ஆக்சஸ் பாயின்ட் தன்னிடம் வைத்துக்கொள்ளும். விநாடிக்குப் பலமுறை அது ஊருக்கெல்லாம் ஒரு சின்ன அறிவிப்பு அனுப்பும். அந்த அறிவிப்புக்குள் ஓர் ஆணிப் பலகை உண்டு. பொத்தான் அவ்வப்போது ஒரு கண்ணைத் திறந்து பலகையைப் பார்க்கும். தன் ஆணி காலியென்றால் மறுபடி தூங்கிவிடும். வந்து சேர்ந்த வரிசைப்படி ஆணி கிடைக்கும். கணினிக் கணக்கில் ஒரு பைட் நீளப் பலகையில் எட்டு ஆணி. முதல் ஆணி பொது அறிவிப்புக்கு. மிச்சம் ஏழு.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்து வாசலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு காற்றில் போகிற அறிவிப்புகளைப் பிடித்துப் பார்த்தேன். இருபத்து நான்கு பொத்தான்கள் சேர்ந்திருந்தன. பலகையில் ஆணிகள் ஏழே. எட்டாவதாகச் சேர்ந்தவரிலிருந்து இருபத்து நான்காமவர் வரைக்கும் பதில் வந்து காத்துக்கொண்டே இருந்தது. பலகையில் சீட்டு ஏறவே இல்லை. பொத்தான் கண்ணைத் திறந்து பார்த்து, நமக்கு ஒன்றுமில்லை என்று தூங்கப் போனது. மறுபடி அழுத்தினால்தான் அது முழுதாக விழிக்கும். விழித்த உடனே பழைய பதில் வந்து விழும். மாமா சொன்னது அதுதான். விரலை எடுக்கும் முன் எரிந்த பச்சை, போன தடவைக்கு யாரோ சொன்ன பதில்.

முதல் லைன் ஊழலும் இதில் அடங்கிவிட்டது. கூடத்துக்குப் பக்கம் என்பதால், கரண்ட் வந்ததும் அந்த வீடுகள்தான் முந்திக்கொண்டு சேர்ந்தன. கடைசி வீடு எப்போதும் கடைசியாகத்தான் சேரும். ஐந்து விநாடி அழுத்தச் சொன்னதற்கும் அர்த்தம் இருந்தது. விரல் அழுத்தியிருக்கும் வரை பொத்தான் தூங்காது. பதில் சொல்கிறவர் எதிரில் போனோடு உட்கார்ந்திருந்தால் ஐந்து விநாடிக்குள் பச்சை வந்துவிடும். பெங்களூர் மேஜையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அறக்கட்டளையின் கள அதிகாரிக்கு போன் போட்டேன். பெங்களூர்த் தமிழ் பேசும் இளைஞர், எப்போதும் கூட்டத்திலிருந்து வெளியே வந்து பேசுகிறவர்.

“மேடம், நம்ம லேப்ல பர்ஃபெக்டா வொர்க் ஆகுது.”

“எத்தனை பொத்தான் வெச்சுப் பாத்தீங்க?”

“அஞ்சு.”

“எட்டு வெச்சுப் பாருங்க.”

“அஞ்சுல வொர்க் ஆனா எட்டுலயும் ஆகும்தானே மேடம்?”

“இல்ல. அதத்தான் சொல்றேன்.”

“ரிப்போர்ட் கொட்டாயித்து மேடம்” என்றார். கொடுத்தாகிவிட்டதாம். “பெரியவங்களுக்குக் கத்துக்க கஷ்டம், அது நேச்சுரல். நான் அடுத்த வாரம் மண்டே வர்றேன், கலெக்ட் பண்ணிக்கறேன். நீங்க பாக்ஸ் மட்டும் ரெடியா வெச்சுடுங்க.”

பாக்ஸ் ரெடியாக வைக்கிறேன் என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கலகங்களில் இது நடுத்தரமானது.

குற்றவாளி எது என்றும் தெரிந்துவிட்டது. கூடத்துக் கணினியில் விரல் நீளத்துக்கு ஒரு டாங்கிள் செருகியிருந்தது. அதுதான் ஆக்சஸ் பாயின்டாக வேலை செய்தது. அதற்குள்ளிருக்கும் சில்லையும் கணினியையும் பேச வைக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். வேறு டாங்கிளை மாற்றினால் போச்சு என்று முதலில் நினைத்தேன். என் மேஜை இழுப்பறையில் மூன்று இருந்தன. மூன்று நிறம், மூன்று பெயர், உள்ளே ஒரே சில்லு. ஆகவே டிரைவரைத் திறந்தேன். யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரிப் பொதுவில் வைத்திருந்த நிரல்தான். பல்லாயிரம் வரிகளில், பலகையைச் சில்லுக்கு அனுப்புகிற இடத்தில், நீளம் ‘ஒன்று’ என்று கையால் எழுதியிருந்தது. ஒரு பைட். அந்த வரிக்கு மேலே, நிரலை எழுதியவர் ஒரு குறிப்பும் விட்டிருந்தார்: இப்போதைக்கு இது போதும்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வீட்டில் ஏழுக்கு மேல் கருவிகள் இருந்திருக்காது. அட்டை ஒட்டியவளுக்கு அடுத்தவரைக் குறை சொல்ல என்ன யோக்கியதை?

அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ரயிலில் போகும்போதும் வரும்போதும் திருத்தி எழுதினேன். எதிர் சீட்டுக்காரர், “கட்டுரையா மேடம்?” என்று பயந்தபடி கேட்டார். இல்லை என்றதும் முகம் தெளிந்தது. சனிக்கிழமை மத்தியானம் புது டிரைவரை ஏற்றினேன். ஏற்றிய கையோடு இருபத்து நான்கு பொத்தான்களும் தொடர்பு அறுந்து சிவப்பில் மினுக்க ஆரம்பித்தன. ஆணிகளைக் கூட்டியவள், பலகைக்கு அடுத்துச் சுவரில் இருந்தவற்றைத் தள்ளி வைக்க மறந்துவிட்டேன். அறிவிப்பே குழம்பிப் போனது. கால் மணி நேரத்தில் கூடத்து வாசலில் ஊரே நின்றது, ஆளுக்கொரு சிவப்புப் பெட்டியோடு.

“இப்ப எல்லாருக்கும் சமமா கீதுக்கா” என்றார் செயலாளர். “எங்க மாமியாரையும் சேத்து.”

கூட்டத்தின் பின்னால், நெற்றியில் பிளாஸ்திரியோடு மாமா நின்றார். அவர் பெட்டியும் சிவப்பு. பெட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, “திங்கக்கெழமை ஓசூர் பஸ் எத்தினி மணிக்கு?” என்று செயலாளரைக் கேட்டார். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

“மாமா, பொட்டிய எடுத்துகினு வூட்டுக்குப் போங்க. நாளைக்கு நான் வர்றேன்” என்றேன். அலுவலகத்தில் பேசிப் பேசி மங்கிப்போயிருந்த என் ஊர்ப் பேச்சு, கோபம் வந்தால் தானாகத் திரும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சரியானது. தப்பு எங்கே என்று தெரிந்தபின் திருத்த ஒன்பது வரிதான் வேண்டியிருந்தது. மத்தியானம் கரண்ட் போனது, நல்லதாகப் போயிற்று. வந்ததும் முதல் லைன் முந்திச் சேர்ந்தது, கடைசி வீடு கடைசியாகச் சேர்ந்தது. இருபத்து நான்காம் ஆணியில் சீட்டு ஏறுவதை லேப்டாப்பில் பார்த்தேன். எழுந்து நின்று பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று முறை அழுத்தினார். முறைக்காரர் போனை எடுக்கப் பதினெட்டு விநாடி. பச்சை ஒருமுறை எரிந்தது.

“மூணு அடிச்சேன். ஒண்ணு வருது.”

“மாமா, பதில் வந்துச்சு இல்ல?”

“எதுக்கு வந்துச்சுன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்? அடிச்சத திருப்பி அடிச்சாதான் அவனுக்குச் சரியா கேட்டுச்சுன்னு அர்த்தம். நீ ஒண்ணு அனுப்புனா, நிறுத்துன்னு இல்ல சொல்ற?”

இந்தத் தடவை நான் நெட் ஸ்பீடைப் பற்றிப் பேசவில்லை. எத்தனை முறை மினுக்க வேண்டும் என்று பொத்தானுக்குச் சொல்லும் வசதி அதிலேயே இருந்தது. யாரும் தொடாமல் கிடந்தது. கூடத்துக் கணினியில் நாலு வரி சேர்த்தேன். அடுத்தடுத்து எத்தனை அழுத்தினார்களோ அத்தனை எண்ணி, முறைக்காரர் பதில் சொன்னபின் அத்தனை மினுக்கு. அட்டைகளையும் அன்றைக்கே கிழித்தேன். பிளாஸ்டிக் உறை கிழிய மறுத்தது. நல்ல உறை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் கடைசி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மகள் பங்காருபேட்டையில் இறங்கி ஆட்டோவில் வந்திருந்தாள், அப்பாவின் துணிக்கென்று காலிப் பை ஒன்றோடு. கள அதிகாரி காரில் வந்தார், காலி அட்டைப்பெட்டியோடு. செயலாளர் மட்டும் வெறுங்கையோடு வந்தார்.

“அய்யா, அஞ்சு செகண்ட் அப்படியே ஹோல்ட் பண்ணுங்க” என்றார் அதிகாரி.

மாமா மூன்று அழுத்தினார். பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மகள் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாயைத் திறந்தார்.

பச்சை. பச்சை. பச்சை.

“மேல யாரு?” என்றார் மாமா.

“டீச்சர்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு ஒரே ஒருமுறை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் பச்சை ஒருமுறை எரிந்தது. “நிறுத்தியாச்சு” என்று மகளிடம் சொன்னார், இறங்கலாம் என்பதுபோல.

டீச்சர் நிறுத்தவில்லை. ஐந்து நிமிடத்தில் சைக்கிளில் உருளையோடு வியர்க்க வந்து சேர்ந்தார். “ஒண்ணுன்னா நிறுத்துன்னு எனக்கு யாரு சொன்னா?” என்றார். சொல்லாதது என் தப்பு. பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாரிக்கு ஆச்சரியம்தான். ஆனால் ஆச்சரியத்துக்கு அவர் படிவத்தில் இடமில்லை. “சாஃப்ட்வேர் மாத்திட்டீங்க மேடம். இது அப்ரூவ்டு இல்ல. எங்க பேர் இதுல இருக்க முடியாது.”

“பேர எடுத்துக்குங்க. பொத்தான் இங்கதான் இருக்கும்.”

“அது எப்படி மேடம்? வீடு வீடா கலெக்ட் பண்ணணும்னு ஆர்டர்.”

“பண்ணுங்க. வீடு வீடா போய்க் கேளுங்க. தப்பா அழுத்துனாங்கன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க. நானும் கூட வர்றேன்.”

போனோம். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் பெட்டி இருந்தது, யாரும் நீட்டவில்லை. முதல் லைனில் செயலாளர் மாமியார் அதிகாரியை உள்ளே கூப்பிட்டு, டீ கொடுத்து, பொத்தானை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் “ஆமாப்பா, நல்லா கீறேன்” என்று பதில் சொன்னார். காது கேட்காததை இவ்வளவு திறமையாகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது, அதுவரை வெறுங்கையோடு இருந்த செயலாளர் ஸ்க்ரூ டிரைவரோடு ஸ்டூல் மேல் நின்றிருந்தார். வாசலில் மாட்டியிருந்த அறக்கட்டளையின் பெயர்ப் பலகையைக் கழற்றித் துடைத்து, அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்தார்.

“அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறீங்க. பொட்டி காலியா போவக்கூடாது” என்றார்.

அதிகாரி அதை எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் ஒரு கடிதமும் வரவில்லை. சுவரில் நாலு திருகு ஓட்டைகள் இருக்கின்றன. அங்கே வேறு பலகை மாட்டலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை நடக்கிறது.

திருத்திய டிரைவரை அதைப் பராமரிக்கிறவர்களுக்கும் அனுப்பினேன். பழைய சில்லு, இத்தனை கருவிகளோடு அதை ஆக்சஸ் பாயின்டாகப் பயன்படுத்துகிறவர்கள் யாரும் இல்லை என்று பதில் வந்தது. நாங்கள் இருபத்து நான்கு பேர் இருக்கிறோம் என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை. மாதம் ஒருமுறை அதையே மறுபடி அனுப்புகிறேன். திரும்பத் திரும்ப அழுத்துவது எப்படி என்று எனக்கு இப்போது தெரியும்.

மகள் அன்றைக்குக் காலிப் பையோடு திரும்பினாள். போகுமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “விடிகாலைல மூச்சு முட்டுனா யாருக்கா எடுப்பாங்க?” என்று கேட்டாள். முறைப் பட்டியலைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

முதல் ஷிஃப்டுக்கு ஆளை இறக்கும் முன் வெறும் கேஜை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் மாமா தினமும் விடிந்ததும் மூன்று அழுத்துகிறார். மூச்சு நன்றாகத்தான் இருக்கும். சரிபார்க்கிறாராம். அந்த நேரத்துக்கு நான் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன். நிஜமாக மூச்சு முட்டினால் ஓடுவதற்கு இன்னொரு முறைக்காரர் உண்டு, இந்தச் சரிபார்ப்புக்குப் பதில் சொல்வதை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன். ஆனால் ‘வருகிறேன்’ என்று தொட முடியாது. நான் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருப்பவள். பச்சை விளக்கு பொய் சொல்லக் கூடாது என்றுதானே இத்தனை கூத்தும். அதனால் எங்கள் போன்களில் புதிதாக இன்னொன்றைச் சேர்த்தேன்: ‘கேட்டது’. அதைத் தொட்டால் மூன்று மினுக்கு போகும்.

ரயில் கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் அங்கிருந்து ஒன்று வரும். நிறுத்து. அதற்கும் நான் உடனே ஒன்று திருப்ப வேண்டும். இல்லையென்றால் மறுபடி மூன்றிலிருந்து ஆரம்பிப்பார்.